கணக்குக் காட்டாதவரின் மைத்துனர்

(காஞ்சிபுரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஓர் உறவுமுறைப் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. தாயின் அக்காள் தங்கை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், தகப்பனின் உடன்பிறந்தான், சொந்த அண்ணன் தம்பி, மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளைக் கட்டியவன், அவள் பெற்ற பிள்ளைகள், மருமகன், தகப்பன், மகன். ஊர் வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போன ஒருவருக்கு இந்த முறைகளில் எந்த முறை ஆனாலும் சரி, அவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடக் கூடாது. முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 921இல், ஏற்பட்ட விதி இது.

உத்திரமேரூர் என்றதும் நாம் குடத்தைப் பற்றிப் பேசுகிறோம், ஓலையைப் பற்றிப் பேசுகிறோம், ஓலையை எடுத்த சிறுவனைப் பற்றிப் பேசுகிறோம். இந்த மைத்துனரைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தச் சபையின் வலிமையும் அதன் குறையும் இவரிடம்தான் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பது என் எண்ணம். இன்று மாலை அதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

என்னை அழைத்தவர்கள் கொடுத்த தலைப்பு, தொடக்க கால அரசுகளின் பலமும் பலவீனமும். அமெரிக்கா சுதந்திரம் அடைந்ததும் அமைத்துக்கொண்ட முதல் தேசிய அரசைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சொல்கிறேன். ஆனால் நம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு கடல் தாண்டலாம்.

உத்திரமேரூர் பல்லவர் காலத்தில் அந்தணர்களுக்குப் பிரமதேயமாகக் கொடுக்கப்பட்ட ஊர். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பழைய பெயர். இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், அது அமைந்ததாகச் சொல்வார்கள். அந்த மன்னனையும் நீங்கள் அறிவீர்கள். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் வரிசையாகச் சிற்பங்கள் இருக்கின்றனவே, அவற்றின் நாயகனே அவன்தான். அவனுக்கு முந்தைய அரசன் வாரிசில்லாமல் இறந்துபோக, கடிகை என்ற கல்விச்சாலையாரும் ஊர்ப் பெரியவர்களும் பல்லவ உறவினனான இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைத் தரும்படி கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி, நான் போகிறேன் என்றான். அவன்தான் இந்த நந்திவர்மன். அரசு எப்படி அமைந்தது என்பதைச் சுவரில் எழுதி வைக்கும் பழக்கம் இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

உத்திரமேரூர்ச் சுவரில் இருப்பவை இரண்டு தீர்மானங்கள். முதலாவது 919ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இரண்டாவது 921. இவற்றை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டறிஞர் வெங்கய்யா வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் தம் நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார்.

ஊரில் முப்பது குடும்புகள். இன்றைய பேச்சில் வார்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பில் தகுதியுள்ள எல்லார் பெயரையும் தனித்தனி ஓலைகளில் எழுதுவார்கள். குடும்பின் பெயரை மேலோலையில் குறித்து, எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் முதல் பெரியவர் வரை மகாசபை முழுதும் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன், பட்டப்பகலில், ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து ஒரே ஓர் ஓலையை அவன் எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிட முடியாது. அவர் படித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் திரும்பப் படிக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமாக ஒரு விதியை வெறும் அறையில் உட்கார்ந்து யாரும் எழுதிவிட முடியாது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் ஓலையை மாற்றியிருக்க வேண்டும், அல்லது மாற்றிவிடுவார் என்ற பயம் ஊரில் பரவியிருக்க வேண்டும். விரிந்த அந்த ஐந்து விரல்கள் அனுபவத்திலிருந்து வந்தவை. எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒன்றை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். குடமும் ஓலையுமான இந்தக் குடவோலை முறை வாக்கெடுப்பு அல்ல. ஊரார் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. அது சீட்டுக் குலுக்கல். தகுதியுள்ளவர்களை முதலில் வடிகட்டி நிறுத்திவிட்டு, அவர்களில் யார் என்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டார்கள். பழைய ஏதென்ஸ் நகரத்திலும் பெரும்பாலான பதவிகளுக்கு ஆட்களை இப்படிக் குலுக்கித்தான் எடுத்தார்கள். பதவிக் காலம் முடிந்ததும் கணக்கு விசாரணையும் அங்கே உண்டு. குலுக்கல் என்பதால் மதிப்பு குறைந்துவிடாது. பணம் கொடுத்து வாங்க முடியாது, கோஷ்டி சேர்க்க முடியாது, பிரசாரத்துக்குக் கடன்பட வேண்டாம். ஆனால் உலகின் முதல் தேர்தல் என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தப் பெருமை இதற்கு வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்ட பிறகு இந்த முழக்கம் இன்னும் கூடியிருக்கிறது. அந்தக் கல்லில் உண்மையில் இருப்பதே நமக்குப் பெருமைக்குப் போதும்.

குடத்தில் பெயர் விழுவதற்கு என்ன தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குக் கீழ். வேதம் கற்றுப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிய வேண்டும். படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகை. காரியத்தில் தேர்ந்தவராக, நேர்வழியில் பொருள் சேர்த்தவராக இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. திருடியவர், பொய்க் கையெழுத்துப் போட்டவர், பெரும்பாவம் செய்தவர் எல்லாரும் வெளியே.

இப்படிக் குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்த முப்பது பேரில், முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்து அனுபவம் பெற்ற பெரியவர்கள் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்கு இதே போல வேறு குலுக்கல். பதவிக் காலம் 360 நாள். நாள் முடிந்ததும் ஒழிந்துபோக வேண்டும். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கலாம், ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி. அவர் எழுதிய கணக்கை அவரே சபை முன் காட்டி ஒப்புவிக்க வேண்டும், இன்னொரு கணக்கர் வந்து அதை முடிக்கக் கூடாது. முடித்துக் கொடுக்கும்வரை அவருக்கு மறுநியமனம் கிடையாது.

பொன்னின் மாற்றுப் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்ததைப் பற்றியும் ஒரு கல்வெட்டு உண்டு. அங்கே மாடவீதியார், படையில் உள்ளவர், எண்ணெய் வாணிகம் செய்த சங்கரப்பாடியார் என்று பல தரப்பிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். உரைகல்லில் ஒட்டிய பொன்துகளுக்குக்கூட யார் பொறுப்பு என்று தீர்மானித்தார்கள். எடை போடுகிறவர்களிடம் நூறு ஆண்டாகப் பட்டும் சரிகையும் கொடுத்து வாங்கிவரும் இந்த ஊருக்கு அந்த அக்கறை எதற்காக என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சபை வரி தண்டியது. ஏரியைத் தூர் வாரியது. வைரமேக தடாகம் என்று பல்லவன் பட்டப்பெயரைத் தாங்கிய பெரிய ஏரியைப் பராமரிக்க அறக்கொடைகளைப் பெற்று, வட்டியில் வேலை நடத்தியது. ஊர் என்றால் முதலில் ஏரி. கரை உடைந்தால் சபையும் இல்லை, சாத்திரமும் இல்லை. கையில் வருமானமும் கண்முன் வேலையும் இருந்ததால்தான் கணக்கு என்பது அங்கே உயிர்ப்பிரச்சினை ஆனது.

இப்போது அமெரிக்கா.

1776இல் சுதந்திரம் அறிவித்த 13 மாநிலங்களையும் சேர்த்து ஓர் அரசு வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன் வரைவு எழுதினார். 1777 நவம்பர் 15இல் மாநிலப் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸ் அதை ஏற்றது. மேரிலாந்து கடைசியாகக் கையெழுத்துப் போட, 1781 மார்ச் 1இல் கூட்டமைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதில் தனி நிர்வாகத் தலைவர் இல்லை, தேசிய நீதிமன்றம் இல்லை. பெரிய மாநிலமோ சிறியதோ, ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. போர், சமாதானம், கடன் போன்ற முக்கியக் காரியத்துக்கு ஒன்பது மாநிலம் சம்மதிக்க வேண்டும். வரி விதிக்கும் அதிகாரம் இல்லவே இல்லை. இவ்வளவு வேண்டும் என்று மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. லண்டனிலிருந்து வந்த வரிக்கு எதிராகப் போராடியவர்கள் பிலடெல்பியாவிலிருந்து வரும் வரிக்கும் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த அரசைச் சும்மா தோற்ற அரசு என்று பாடப்புத்தகங்கள் ஒதுக்கிவிடுகின்றன. அதன் காலத்தில்தான் பிரிட்டனோடு 1783 பாரிஸ் ஒப்பந்தம் ஆனது. 1785இல் நில அளவைச் சட்டம் வந்தது. மேற்கே புதிய நிலத்தைச் சதுரமாக அளந்து, ஒவ்வொரு ஊரிலும் 36 பங்கில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். 1787இல் வடமேற்குப் பிரதேசச் சட்டம் வந்தது. ஒகையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றது. அங்கே உருவாகும் மாநிலங்கள் பழைய மாநிலங்களுக்குச் சமமாகவே சேரும் என்றது. வென்ற நிலத்தைக் குடியேற்ற நாடாக வைத்துக்கொள்ளாமல் சமமாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அந்தக் காலத்தில் உலகில் முன்மாதிரி மிகக் குறைவு.

இன்னொன்று என்னை வியக்க வைத்தது. காங்கிரசுக்கு மாநிலம் அனுப்பும் பிரதிநிதி, ஆறு ஆண்டில் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அனுப்பிய மாநிலம் எப்போது வேண்டுமானாலும் அவரைத் திரும்ப அழைக்கலாம். காங்கிரசின் தலைவர் மூன்று ஆண்டில் ஓர் ஆண்டுக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. உத்திரமேரூர் சபையார் மூன்று ஆண்டு இடைவெளி வைத்து, குற்றம் கண்டபோதே நீக்கலாம் என்று விதித்த அதே காரியம், அதைப் பற்றி எதுவும் அறியாத மனிதர்களால், உலகின் அந்தக் கோடியில், எண்ணூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டிருக்கிறது. பதவி ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இரு இடத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். 1787இல் எழுதிய புதிய அரசியல் சட்டம் காங்கிரஸ் உறுப்பினருக்கு இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் கைவிட்டுவிட்டது. வலுவான அரசை அமைத்த மகிழ்ச்சியில் நல்ல ஒரு காவலை இழந்தார்கள் என்பது என் கருத்து.

பலவீனம் எங்கே தெரிந்தது? பணத்தில். போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. 1783 ஜூனில் பிலடெல்பியாவில் சில நூறு சிப்பாய்கள் காங்கிரஸ் கூடும் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காவலுக்கு மாநிலப் படையை அனுப்பும்படி காங்கிரஸ் பென்சில்வேனியா அரசைக் கேட்டது. அப்போது அந்த மாநிலத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? அதே ஜான் டிக்கின்சன். உடன்படிக்கையின் வரைவை எழுதியவர். அவர் படையை அனுப்பவில்லை. தேசத்தின் அரசு பிரின்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தது. கோர்வை சரியாக விழாத சேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடலும் நன்றாக இருக்கும், கரையும் நன்றாக இருக்கும், இரண்டும் சேரும் இடத்தில் பிரிந்துவிடும். 13 மாநிலங்களும் ஒன்றியமும் அப்படித்தான் இருந்தன.

குறை தெரிந்ததும் திருத்த முயன்றார்கள். 1781இல், இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீதம் சுங்கம் விதிக்க மட்டும் காங்கிரசுக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டார்கள். உடன்படிக்கையைத் திருத்த 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். மற்ற மாநிலங்கள் பல தலையசைத்தும், ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம் 1782இல் மறுத்துவிட்டது. மறுபடி 1783இல் முயன்றார்கள். அந்த முறை நியூயார்க் இடம் கொடுக்கவில்லை. 1786இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கிளர்ந்து நீதிமன்றங்களை மூடினார்கள். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் கூடியவர்கள், உடன்படிக்கையைத் திருத்துவதற்கென்று அழைக்கப்பட்டு வந்தவர்கள், அதைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். ஒன்பது மாநிலம் ஏற்றால் போதும் என்று தாங்களே முடிவு செய்தார்கள். தங்கள் சட்டத்தின் விதிப்படி தங்கள் சட்டத்தைச் சரிசெய்ய அவர்களால் முடியவில்லை. மீறித்தான் சரிசெய்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு உத்திரமேரூரைத் திரும்பிப் பாருங்கள். 919இல் ஒரு தீர்மானம். அதில் வயது 30க்கும் 60க்கும் இடையில். இரண்டே ஆண்டில் அது போதவில்லை என்று தெரிந்தது. 921இல் மறுபடி கூடினார்கள். வயதை 35, 70 என்று மாற்றினார்கள். யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதை விரித்து எழுதினார்கள். குலுக்கும் முறையைப் படிப்படியாக விவரித்தார்கள். தீயவர் கெட்டு நல்லவர் நிலைக்க வேண்டும் என்று நோக்கத்தையும் சொன்னார்கள். பழைய கல்லைப் பெயர்த்து எறியவும் இல்லை, அதே கோயிலில் இரண்டும் இருக்கின்றன. இரண்டு முறையும் அரசனின் ஆணை வந்தது, அரசனின் அதிகாரி வந்து உடன் இருந்தார். முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான், இரண்டாம் முறை சோழநாட்டிலிருந்து வந்த சோமாசிப்பெருமான். ஆகவே இது முழுக்கச் சபையின் சுயாட்சியா, அரசனின் கையா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும்தான். மேலே ஓர் அதிகாரம் இருந்ததால் ரோட் ஐலண்ட் மாதிரி ஒருவர் நின்று எல்லாவற்றையும் மறிக்க முடியவில்லை. கீழே ஏரியும் வயலும் சபையின் பொறுப்பில் இருந்ததால், எந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது சபைக்குத்தான் தெரிந்தது. அந்த ஐந்து விரல்களைத் தஞ்சையில் இருந்த அரசன் யோசித்திருக்க மாட்டான்.

இதுவரை சொன்னதெல்லாம் வலிமை. அடுத்து வருவது மனத்தை உறுத்துவது.

அந்தக் குடத்துக்குள் யார் பெயர் விழுந்தது? வேதம் ஓதிய, நிலமுள்ள, ஆண் அந்தணர் பெயர். கால் வேலி நிலத்தை உழுதவர் பெயர் விழவில்லை. ஏரியில் இறங்கித் தூர் வாரியவர் பெயர் விழவில்லை. மண்டபத்தைக் கட்டிய தச்சர் பெயரும், சபையாரின் வேட்டியை நெய்தவர் பெயரும் விழவில்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. தாழ்ந்தவராகக் கருதப்பட்டவரோடு சேர்ந்து பழகினாலே, பிராயச்சித்தம் செய்யும்வரை தகுதி போய்விடும் என்கிறது அந்தக் கல். பொன் மாற்றுப் பார்க்க எண்ணெய் வாணிகரை அழைத்தவர்கள், ஆண்டு வாரியத்துக்கு அவரை அழைக்கவில்லை. பிரமதேயம் என்றால் அப்படித்தானே என்று கேட்கலாம். அந்தக் காலத்துக்கு அது இயல்பு என்பதும் உண்மை. ஆனால் நாம் அந்தக் கல்லை நம் முன்னோடி என்று எடுத்துக் காட்டுகிறோம். எடுத்துக் காட்டும்போது எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

கணக்குக் காட்டாதவரின் மைத்துனருக்கு இங்கே திரும்பி வருகிறேன். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. உறவுக்காகத் தண்டிக்கப்படுகிறார். நம் சட்டம் இன்று அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் அந்த விதி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். ஒருவர் கணக்கை மறைத்தால் குடும்பமே வாசலுக்கு வெளியே நிற்கும் என்பதால், முதலில் கணக்குக் கேட்பவர் மாமனாராக இருந்திருப்பார். பதவியை அப்பனிடமிருந்து மகனுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று சுற்றில் விட்டுக் கொள்ளையை மூடி மறைக்கும் வழி அடைபட்டது. இன்று பல ஊரில் ஊராட்சித் தலைவர் பதவி ஒரே வீட்டுக்குள் சுற்றுவதைப் பார்க்கிறோம். அதே உறவுப்பட்டியல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. உறவின் பெயரால் ஒருவரை வெளியே நிறுத்தலாம் என்று சிந்தித்த ஊர், பிறப்பின் பெயரால் ஊரின் பெரும்பகுதியை வெளியே நிறுத்தியதை ஒரு குறையாகவே காணவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குள் யாரும் யாரையும் ஏமாற்றிவிடாமல் இருக்க அவ்வளவு கவனம், வெளியே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டே ஆண்டில் வயதைத் திருத்த முடிந்த சபை, அதற்குப் பிறகு இதைத் திருத்தவே இல்லை.

அமெரிக்காவும் இதே இடத்தில்தான் தோற்றது. வடமேற்குப் பிரதேசத்தில் அடிமை முறை கூடாது என்ற அதே சட்டம், அங்கே தப்பி ஓடிவரும் அடிமையைப் பிடித்து எசமானரிடம் ஒப்படைக்கலாம் என்றது. அந்த நிலத்தில் வாழ்ந்த ஷானி, மியாமி மக்களின் பெயரை யாரும் எந்தச் சபையிலும் படிக்கவில்லை. புதிய அரசியல் சட்டம் வரிக்கு வழி கண்டுபிடித்தது, அடிமையை ஐந்தில் மூன்று மனிதனாக எண்ணியது. அதைத் திருத்த உள்நாட்டுப் போர் வேண்டியிருந்தது.

நம் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றும் குரலும் அதன் குறையைச் சாடும் குரலும் நேருக்கு நேர் நின்றன. 1948 நவம்பர் 4இல் அரசியல் சட்ட வரைவை முன்வைத்த அம்பேத்கர், இந்தியக் கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சாடினார். கிராமத்தை அல்ல, தனிமனிதரைத்தான் அலகாகக் கொண்டிருக்கிறோம் என்றார். உறுப்பினர் பலர் வருந்தினார்கள். அந்த விவாதத்தில் டி. பிரகாசம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டை நினைவூட்டினார். தமிழகத்தின் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் நவம்பர் 22இல் ஏற்கப்பட்டு, கிராம ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்ற 40ஆம் பிரிவானது. ஆனால் நீதிமன்றம் ஏறிக் கேட்க முடியாத வழிகாட்டு நெறியாக மட்டும்.

நான் இந்த இருவரில் யார் பக்கம் என்று கேட்பீர்கள். பிரகாசம் காட்டிய கல் உண்மை, அம்பேத்கர் சொன்ன காயமும் உண்மை. ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்வான தலித் ஒருவரை வெட்டிக் கொன்ற மேலவளவு படுகொலை 1997இல் நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து ஆண்டுக் காலம் முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. உத்திரமேரூரின் குடத்திலிருந்து நமக்குக் கணக்கு வேண்டும், கால எல்லை வேண்டும், பட்டப்பகல் வேண்டும். குடத்துக்குள் யார் என்பதை அம்பேத்கரிடம்தான் கற்க வேண்டும். அதனால்தான் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபோது பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டோடு வந்தது. தமிழ்நாட்டில் 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடம்.

இந்த நகரத்துக்கென்று ஒரு சான்றும் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஊரகத்தில் இருக்கும் உலகளந்த பெருமாள் கோயிலைப் பற்றியது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, எற்றுவழிச்சேரி என்று நான்கு சேரிகளில் பட்டசாலியர் என்ற நெசவாளர்கள் குடியிருந்தார்கள். கோயிலின் பொன் அவர்களிடம் வட்டிக்கு இருந்தது. கோயில் காரியத்தைப் பார்ப்பதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது, கணக்குப் பார்க்க நகரத்தார் இருந்தார்கள். உத்திரமேரூர்க் குடத்துக்குள் பெயர் விழாதவர்கள், முப்பது கிலோமீட்டர் தள்ளி இங்கே ஒரு பெரிய கோயிலின் பொன்னுக்குப் பொறுப்பாளர்களாக இருந்திருக்கிறார்கள். கணக்குக் காட்டும் பழக்கம் வேதம் ஓதியவரின் தனிச் சொத்தல்ல. தறியில் உட்கார்ந்தவர்களும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் செப்பேட்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, நம் மாவட்டத்தின் கதை. 2016 அக்டோபரில் தமிழகத்தின் உள்ளாட்சிகளின் பதவிக் காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் விதி. நடக்கவில்லை. வழக்குகள், தள்ளிவைப்புகள். பல மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களோடு சேர்த்துக் காஞ்சிபுரத்துக்கு 2021 அக்டோபரில்தான் வந்தது. அந்த ஐந்து ஆண்டும் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 360 நாளில் ஒழிந்துபோ என்று விதி எழுதிய உத்திரமேரூர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காத வேட்பாளரை மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது தேர்தலுக்குச் செலவழித்த பணத்தின் கணக்கு. பதவியில் இருந்து செலவழித்த ஊர்ப் பணத்தின் கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் கிராம சபை. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் தணிக்கை அறிக்கையைக் கிராம சபை முன் வைக்க வேண்டும் என்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிக்கொண்டிருந்த அந்தச் சபை, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாள் கூடுகிறது. அங்கே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். தணிக்கை அறிக்கையை யாரும் உரக்கப் படிப்பதில்லை. உங்களில் ஊராட்சிகளிலிருந்து வந்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் படிக்கட்டும், இன்னொருவர் அதைத் திரும்பப் படிக்கட்டும்.